வீட்டு முற்றத்துக்கு ஒரு தொலைநோக்கி

தேர்வில் நன்மதிப்பெண் பெற்ற பிள்ளைக்குப் பெற்றோர் ஒரு தொலைநோக்கி வாங்கித் தருகின்றனர். பெட்டியின் மேல் சனிக்கோளின் வளையமும் வண்ணமயமான ஒளிமுகில்களும் அச்சிடப்பட்டுள்ளன. "525 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்ற அறிவிப்பும் உண்டு. முதல் இரவில் நிலவைத் தேடிப் பிடிக்கவே அரைமணி நேரம் ஆகிறது. பிடித்த நிலவும் குழல் நடுங்குவதால் நடுங்குகிறது. கையை எடுத்தவுடன் பார்வையிலிருந்து நழுவுகிறது. மூன்றாம் வாரத்தில் கருவி பரணுக்குச் செல்கிறது.

இங்கே வீணாவது பணம் மட்டுமன்று. "வானம் நமக்கு எட்டாதது" என்ற எண்ணம் அப்பிள்ளையின் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. குறை பிள்ளையிடத்தும் இல்லை, வானத்திடத்தும் இல்லை. தேர்ந்தெடுத்த முறையே பிழையானது. முதல் தொலைநோக்கியை எவ்வாறு தேர்வது, எவ்வாறு கையாள்வது என்பதைத் திருவனந்தபுரத்து வலியசாலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ஓர் இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொலைநோக்கி பற்றிய கையேடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க வானத்தை எண்ணி எழுதப்பட்டவை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு அவற்றின் அறிவுரைகளுள் சில பொருந்துவதில்லை.

சிறு கருவியில் தொடங்கிய வானாய்வகம்

திருவனந்தபுரத்துக்கு வானியலில் நெடிய மரபு உண்டு. ஆலப்புழையில் வணிக முகவராகப் பணியாற்றிய ஜான் கால்டிகாட் என்னும் ஆங்கிலேயர், தம்மிடமிருந்த சிறிய, எடுத்துச்செல்லத்தக்க கருவிகளைக் கொண்டு வானை ஆராய்ந்து வந்தார். அவருடைய ஆர்வத்தை அறிந்த திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள், 1837இல் நகரின் குன்று ஒன்றின் மேல் வானாய்வகம் நிறுவி, கால்டிகாட்டை அதன் முதல் இயக்குநராக்கினார். பெரிய கருவிகளைக் கொணர்வதற்காக அவர் இங்கிலாந்து சென்று வந்தார். அவருக்குப் பின் 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் ப்ரௌன், புவிக்காந்த ஆய்வுக்காக அகத்தியர் மலை மேலும் ஒரு நிலையம் அமைத்தார்.

இவ்வரலாற்றில் புதிதாகத் தொடங்குவோர்க்கு ஒரு பாடம் உள்ளது. பெரிய வானாய்வகம் பின்னர் வந்தது. முன்னர் இருந்தவை சிறு கருவிகளும் நாள்தோறும் பார்க்கும் பழக்கமுமே. அடிக்கடி வெளியே எடுக்கப்படும் கருவியே நல்ல கருவி. இதனை அளவுகோலாகக் கொண்டால் மற்ற வினாக்களுக்கு விடை காண்பது எளிது.

உருப்பெருக்கம் அன்று, விட்டமே முதன்மை

தொலைநோக்கியின் தலையாய பணி பெரிதாக்குவதன்று, ஒளியைத் திரட்டுவதாகும். திரட்டும் ஒளியின் அளவு, முகப்பிலுள்ள வில்லை அல்லது ஆடியின் விட்டத்தைப் பொறுத்தது. விட்டம் இருமடங்கானால் ஒளி நான்கு மடங்காகும். 76 மி.மீ. விட்டமுள்ள கருவியைக் காட்டிலும் 150 மி.மீ. கருவி ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. இருளில் முழுதும் விரிந்த மனிதக் கண்மணியோடு ஒப்பிட்டால், 150 மி.மீ. கருவி நானூறு மடங்குக்கும் மேற்பட்ட ஒளியைத் தருகிறது.

உருப்பெருக்கம் ஓர் எளிய வகுத்தல் கணக்கு. கருவியின் குவியத்தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 1200 மி.மீ. குவியத்தூரமுள்ள கருவியில் 25 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் 48 மடங்கு, 10 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் 120 மடங்கு. ஆகவே, வில்லைகளை மாற்றி எந்த எண்ணையும் எட்டிவிடலாம். அவ்வெண் பயன்தருமா என்பதே வினா. விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதி இரண்டால் பெருக்கினால் வருவதே பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்ச எல்லை. 

பெட்டியின் மேல் காணும் 525 என்ற எண் வரும் வழியைக் காண்போம். 700 மி.மீ. குவியத்தூரத்தை 4 மி.மீ. வில்லையால் வகுத்தால் 175. அதனுடன் மும்மடங்கு பெருக்கும் துணைவில்லையைச் சேர்த்தால் 525. ஆனால் அக்கருவியின் விட்டம் 76 மி.மீ. எனில் பயனுள்ள எல்லை 152 மட்டுமே. அதற்கு மேல் கிடைப்பது மங்கிய, கலங்கிய உருவமே. கலிலியோ 1610இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டபோது, அவருடைய கருவி ஏறத்தாழ இருபது மடங்கே பெரிதாக்கியது. எனவே, உருப்பெருக்கத்தைப் பெரிய எழுத்தில் அறிவிக்கும் பெட்டியை வாங்காது விடுவதே நன்று.

வில்லையா, ஆடியா?

தொலைநோக்கிகளில் இருபெரும் வகைகள் உள்ளன. முகப்பில் வில்லை கொண்டது ஒளிவிலகல் தொலைநோக்கி. அடியில் குழியாடி கொண்டது எதிரொளிப்புத் தொலைநோக்கி. இதனை 1668இல் நியூட்டன் உருவாக்கினார். முதல் வகைக்குப் பராமரிப்பு குறைவு, பகற்காட்சிகளுக்கும் உதவும். ஆயினும் விட்டம் கூடக்கூட அதன் விலை மிக விரைவாக உயரும். இரண்டாம் வகையில் அதே பணத்துக்குப் பெரிய விட்டம் கிடைக்கும். ஆனால் ஆடிகளை அவ்வப்போது நேர்ப்படுத்தக் கற்க வேண்டும். இது திருகுகளைச் சிறிது திருப்பும் வேலையே. ஓரிரு முறை செய்தால் கைவந்துவிடும்.

வானத்தை மட்டும் காண விரும்பும் குடும்பத்துக்கு 130 முதல் 150 மி.மீ. வரை விட்டமுள்ள எதிரொளிப்புத் தொலைநோக்கி நல்ல தொடக்கமாகும். அவ்வளவு செலவிட இயலாதோர், விலை குறைந்த தொலைநோக்கியை நாடுவதைவிட 7×50 அல்லது 10×50 என்று குறிக்கப்பட்ட இருகண் நோக்கியை வாங்கலாம். கார்த்திகை விண்மீன் கூட்டம் அதில் மிக அழகாகத் தெரியும். பிற்காலத்தில் தொலைநோக்கி வாங்கினாலும் இருகண் நோக்கி பயனற்றுப் போகாது.

தாங்கியும் எட்டரைப் பாகைத் துருவமும்

குழலைத் தேர்வதில் காட்டும் கவனத்தை அதனைத் தாங்கும் அமைப்பிலும் காட்ட வேண்டும். 100 மடங்கு பெரிதாக்கும் கருவி, தன் நடுக்கத்தையும் 100 மடங்கு பெரிதாக்கும். கடையில் குழலை மெல்லத் தட்டிப் பாருங்கள். உருவத்தின் அதிர்வு ஓரிரு நொடிகளில் அடங்க வேண்டும். அடங்காவிடில், வில்லை எத்துணைச் சிறந்ததாயினும் அக்கருவியால் பயனில்லை.

தாங்கிகளும் இருவகைப்படும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புவது ஒன்று. புவியின் சுழற்சிக்கு ஈடுகொடுக்கும் வகையில் சாய்ந்த அச்சுடையது மற்றொன்று. இச்சாய்ந்த அச்சு வானின் வடதுருவத்தை நோக்க வேண்டும். அதற்குத் துருவ நட்சத்திரம் வழிகாட்டும். கையேடுகள் பலவும் இரண்டாம் வகையைப் புகழ்கின்றன.

வலியசாலையில் நிலைமை வேறு. ஓரிடத்தின் அட்சரேகை எவ்வளவோ, துருவ நட்சத்திரமும் தொடுவானிலிருந்து ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில் நிற்கும். லண்டனில் அது ஐம்பது பாகைக்கும் மேலே நிற்கிறது. திருவனந்தபுரத்திலோ எட்டரைப் பாகை உயரத்தில்தான் உள்ளது. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை. துருவ நட்சத்திரம் அந்த முட்டிக்குள் மறைந்துவிடும். ஒன்றையொன்று ஒட்டிய வீடுகளும் தென்னைகளும் சூழ்ந்த அக்ரகாரத்தின் பின்முற்றத்தில் அதனைக் காண்பதே அரிது. மேலும், இத்தகைய தாங்கிகள் பல நடு அட்சரேகை நாடுகளை எண்ணி வடிவமைக்கப்பட்டவை. அச்சை எட்டரைப் பாகைக்குத் தாழ்த்தினால் எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கக்கூடும். தென்தமிழகத்திலும் இலங்கையிலும் வாழ்வோர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

ஆகவே முதல் கருவிக்கு எளிய தாங்கியே ஏற்றது. அவற்றுள் டாப்சன் தாங்கி என்பது மரப்பெட்டி போன்ற அமைப்புடையது. தரையில் உறுதியாக அமர்ந்து, கையால் தள்ளியவாறு திரும்பும். இதனைப் பரப்பிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ணர் வழிவந்த வேதாந்த சங்கத்தில் 1944 முதல் 1967 வரை துறவியாக வாழ்ந்தவர். கிடைத்த கண்ணாடியைத் தாமே தேய்த்து ஆடியாக்கி, ஒட்டுப்பலகையால் தாங்கி செய்து, தெருவோரத்தில் நின்று வழிப்போக்கர்களுக்கு வானைக் காட்டினார். ஏழை எளியோரும் பெரிய கருவியில் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அவ்வமைப்பே இன்று உலகெங்கும் தொடக்கநிலையாளரின் விருப்பத் தேர்வாகியுள்ளது.

விலையைப் பன்னிரண்டால் வகுத்தல்

தொலைநோக்கி அவசரப் பொருள் அன்று. அதற்காகக் கடன் பெற வேண்டியதும் இல்லை. விரும்பும் கருவியின் விலையை விசாரித்து, அதனைப் பன்னிரண்டால் வகுத்து, அத்தொகைக்கு ஓராண்டுத் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். மாதம் 1,500 ரூபாய் எனில், ஆண்டிறுதியில் 18,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். பிள்ளையின் பெயரால் தொடங்கினால் சேமிப்பும் ஒரு பாடமாகும்.

இக்காத்திருப்புக் காலம் வீணன்று. திருவனந்தபுரத்தில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. வானம் மிகத் தெளிவாக இருப்பது டிசம்பர் முதல் மார்ச் வரையே. எனவே டிசம்பர் தொடக்கத்தில் முதிர்வடையுமாறு கணக்கைத் தொடங்குவது பொருத்தம். இடைப்பட்ட மாதங்களில் வெறுங்கண்ணால் விண்மீன்களை அறிந்துகொள்ளலாம். அறிவியல் அருங்காட்சியகங்களிலும் கோளரங்குகளிலும் வான்காட்சி நடைபெறும் நாட்களை விசாரித்து, வாங்குமுன் ஒருமுறையேனும் நல்ல கருவியின் வழியே பார்ப்பது பெருநன்மை தரும். திருவனந்தபுரத்தார்க்குப் பிரியதர்சினி கோளரங்கம் அருகிலேயே உள்ளது.

முழுத் தொகையையும் குழலுக்கே செலவிடாமல், ஒரு பகுதியை நல்ல கண்ணருகு வில்லைக்கும், விண்மீன் வரைபடத்துக்கும், அமர்ந்து பார்க்க ஏற்ற உயரமுள்ள முக்காலிக்கும் ஒதுக்குங்கள். நின்று குனிந்து பார்ப்பவர் ஐந்து நிமிடத்தில் களைப்பார். அமர்ந்து பார்ப்பவர் ஒரு மணிநேரம் பார்ப்பார்.

முதல் இரவுக்கு முன்னும் பின்னும்

பெரிய குழலின் மேல் சிறிய தேடுகுழல் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே இடத்தை நோக்குமாறு பகலிலேயே சரிசெய்ய வேண்டும். சூரியனுக்கு எதிர்த்திசையில், தொலைவிலுள்ள தென்னையின் உச்சியைப் பெரிய குழலின் நடுவில் கொணர்ந்து, தேடுகுழலின் திருகுகளைத் திருப்பி அதே உச்சியை அதன் நடுவிலும் நிறுத்துக. பலர் முதல் இரவில் தோல்வியுறுவது இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாததால்தான்.

இரவில் எப்போதும் குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குக. குவியத்தூரம் மிகுந்த வில்லையே முதலில் பொருத்த வேண்டியது. விண்மீன்கள் ஒரு மணிநேரத்தில் பதினைந்து பாகை நகர்கின்றன. முன்னர்க் கூறிய 1200 மி.மீ. கருவியில் 48 மடங்கில் பார்க்கும்போது, ஒரு விண்மீன் பார்வைப் புலத்தைக் கடக்க ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும். 120 மடங்கில் இரண்டு நிமிடங்கூட ஆகாது. குழலை மெல்லத் தள்ளிப் பின்தொடரும் பழக்கம் சில இரவுகளில் வந்துவிடும். தலைக்கு நேர்மேலே உள்ள பொருளைப் பின்தொடர்வது டாப்சன் தாங்கியில் கடினம். ஒரு மணிநேரம் பொறுத்தால் அது தானே மேற்கே சரிந்துவிடும்.

கண் இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் தேவை. இடையில் கைப்பேசித் திரையைப் பார்த்தால் அப்பழக்கம் கெடும். வரைபடத்தைப் பார்க்க மங்கிய செந்நிற விளக்கு போதும். தெருவிளக்கின் நேரொளி கண்ணில் படாதவாறு சுவரின் நிழலில் கருவியை வைக்கலாம். மொட்டைமாடியில் வானம் விரிந்து தெரியும்; ஆயினும் பகலெல்லாம் வெயில் தின்ற கற்காரைத் தளம் இரவில் வெப்பத்தை உமிழ்வதால் உருவம் கொதிநீரில் கண்டாற்போல் அலையும். மண்தரையுள்ள முற்றம் இவ்வகையில் மேலானது.

எதிர்பார்ப்பையும் நேர்ப்படுத்திக்கொள்ள வேண்டும். புகைப்படங்களில் செந்நிறமாய்த் தோன்றும் ஒளிமுகில், கண்ணுக்குச் சாம்பல்நிற மூட்டமாகவே தெரியும். வியாழன் ஒரு சிறு வட்டு. அதன் மேல் இரு பட்டைகள். அருகே நான்கு நிலவுகள். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பைக் காட்டி மெல்லிய கோடானது. அதன்பின் ஆண்டுக்காண்டு அகன்று வருகிறது. எதிர்பார்ப்பைவிட அவை சிறியவையே. ஆயினும் அவ்வொளி இடையில் எந்தப் படமும் இன்றி நேரே நம் கண்ணில் வந்து விழுகிறது.

பஞ்சாங்கமும் தென்வானமும்

வீட்டிலுள்ள பஞ்சாங்கம் வான்நோக்குவோர்க்கு ஒரு நல்ல கால அட்டவணை. வளர்பிறைச் சஷ்டி முதல் தசமி வரையுள்ள மாலைகளே நிலவைக் காண ஏற்றவை. ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையில் மலைகளும் வட்டக்குழிகளும் நீண்ட நிழல் வீழ்த்தும். பௌர்ணமி நிலவில் நிழலே இல்லை. அது தட்டையாய்க் கண்ணைக் கூசச் செய்யும். அமாவாசையை ஒட்டிய இரவுகள் ஒளிமுகில்களுக்கும் விண்மீன் கூட்டங்களுக்கும் உரியவை.

மார்கழி, தை மாத முன்னிரவுகளில் கார்த்திகைக் கூட்டத்தையும், செந்நிறத் திருவாதிரையையும் காணலாம். திருவாதிரைக்கு அருகிலுள்ள ஓரியன் ஒளிமுகிலின் நடுவே நான்கு சிறு விண்மீன்கள் நெருங்கி நிற்கும். மாசியில் பூச நட்சத்திரப் பகுதியிலுள்ள விண்மீன் கூட்டம் உயர்ந்து தோன்றும். தெற்கே அகத்திய விண்மீன் ஏறத்தாழ 29 பாகை உயரத்தில் சுடர்விடும்.

துருவம் தாழ்ந்திருப்பதால் இழந்ததைத் தென்வானம் பன்மடங்காகத் திருப்பித் தருகிறது. லண்டன்வாசி ஒருபோதும் தம் ஊரிலிருந்து காண இயலாத திரிசங்கு விண்மீன் தொகுதி, சித்திரை, வைகாசி முன்னிரவுகளில் இங்கே தெற்கே இரு முட்டி உயரத்தில் நிற்கும். அதனருகே உள்ள ஆல்ஃபா செண்டாரி தொலைநோக்கியில் இரு விண்மீன்களாகப் பிரியும். ஒமேகா செண்டாரி என்னும் கோளக் கூட்டம் தூவிய மாவுபோல் தெரியும். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் ஒளிமாறும் விண்மீனைக் கண்டறிந்ததும் இத்தென்வானத்தில்தான். சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் தமிழக மண்ணிலிருந்து இவ்வானத்தை நோக்குகிறது. முற்றத்தில் தெற்கு மறைந்திருப்பின், கடலே தொடுவானாக உள்ள கன்னியாகுமரிக்குக் கருவியை ஓரிரவு எடுத்துச் செல்லலாம்.

ஈரக் காற்றிலிருந்து காத்தல்

கடலோர நகரில் வில்லைக்கும் ஆடிக்கும் பெரும்பகை பூஞ்சை. பயன்படுத்தியபின் ஈரம் உலரும்வரை காத்திருந்து மூடியிட வேண்டும். கண்ணருகு வில்லைகளைக் காற்றுப் புகாத பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே கொணர்ந்தால் கண்ணாடியில் நீர்த்துளி படியும்; ஆகவே வேறோர் அறையில் வைத்திருப்பது நன்று. மழைக்காலத்தில் பரணில் முடக்காமல், வெயில் அடிக்கும் நாட்களில் மூடியைத் திறந்து நிழலில் காற்றாட விடுக. ஆடியில் படியும் சிறு தூசியால் தீங்கில்லை. துணியால் துடைத்தால் கீறல் விழும்.

பகலில் குழலை வெளியே வைக்கும்போது ஒன்றை மறவற்க. தொலைநோக்கி வழியாகவோ தேடுகுழல் வழியாகவோ ஒரு நொடியேனும் சூரியனைப் பார்த்தால் பார்வை நிலையாகப் பறிபோகும். சில மலிவுக் கருவிகளுடன் வரும், கண்ணருகு வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடி வெப்பத்தால் வெடிக்கக்கூடும்; அதனை அன்றே எறிந்துவிடுக. குழலின் முகப்பு முழுவதையும் மூடும், சூரியனுக்கென்றே செய்யப்பட்ட வடிகட்டியன்றி வேறெதுவும் பாதுகாப்பு ஆகாது. பெரியவர் உடனில்லாமல் பகலில் பிள்ளைகள் கருவியைத் தொடலாகாது.

கருவி வந்த முதல் மாதத்தில் வாரம் இரு மாலைகளை அதற்கென ஒதுக்குங்கள். கண்டதை நாள், நேரத்துடன் ஒரு குறிப்பேட்டில் வரைந்து வையுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் முதியோரையும் அழையுங்கள். பலர் கண் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி எளிதில் பரணேறாது.